வேலைக்கு எது முக்கியம்: அனுபவமா, குணமா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் "ஆட்கள் தேவை" என்ற இரண்டு சொற்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. மின்சாரக் கம்பத்தில் ஒட்டியிருக்கும். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். தொழிற்சாலை வாசலில் பலகையாகத் தொங்கும்.

ஹெல்பர் தேவை. பிட்டர் தேவை. வெல்டர் தேவை. கிரேன் ஓட்டுகிறவர் தேவை. சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு என்றும் சிலவற்றில் போட்டிருக்கும்.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும். "முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை."

இந்த ஒரு வரிதான் பல வீடுகளில் பெற்றோரைத் தூங்க விடாமல் செய்கிறது.

பையன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். சான்றிதழ் கையில் இருக்கிறது. தொழிற்சாலை வாசலுக்குப் போகிறான்.

"தம்பி, அனுபவம் உண்டா?"

"இல்லை சார். இப்போதுதான் படிப்பு முடிந்தது."

"அப்படியானால் எங்கேயாவது ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வா. பார்க்கலாம்."

எங்கே போய் வேலை பார்ப்பது? போகிற இடமெல்லாம் இதே கேள்விதானே! வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால், முதல் வேலையைக் கொடுப்பது யார்?

வேறு விதமாகப் பேசுகிற முதலாளிகளும் உண்டு. "அனுபவம் எங்களுக்கு வேண்டாம். நல்ல பிள்ளையாக இருந்தால் போதும். தொழிலை நாங்கள் கற்றுக்கொடுத்துக் கொள்கிறோம்" என்பார்கள்.

கேட்க இனிக்கிறது. ஆனால், "நல்ல பிள்ளை" என்று யாரைச் சொல்கிறார்கள்? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வாசலில் நிற்பவர்கள்

சென்னையிலிருந்து இரண்டு ரயில் பாதைகள் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் போகின்றன. ஒன்று வடக்கே போகிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டுகிறது. மற்றொன்று மேற்கே போகிறது. ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்குச் செல்கிறது.

இரண்டு பாதைகளிலும் தொழிற்சாலைகள் வளர்ந்திருக்கின்றன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகள் இருக்கின்றன. ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. அதற்கு மேற்கே தேர்வாய் கண்டிகையில் பிரான்சு நாட்டு மிச்செலின் கம்பெனி டயர் செய்கிறது. திருவள்ளூரில் முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் கார் செய்த இடத்தில், 2021-ம் ஆண்டு முதல் சிட்ரோன் கார்கள் வெளிவருகின்றன. காக்களூரில் சிறு தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆவடியில் ராணுவ டாங்கி தயாராகிறது.

வாசலில் நிற்பவர்கள் யார்?

நெல் வயலில் கூலி வேலை செய்தவரின் மகன் நிற்கிறான். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பையன் நிற்கிறான். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண் நிற்கிறாள். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த வாலிபன் நிற்கிறான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயில் ஏறி வந்தவர்கள் நிற்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டியில் 1990-ம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் வேலை தேடுகிறார்கள். முகாமில் பலருக்குப் பெயிண்டு அடிக்கும் வேலைதான் பிழைப்பு. அவர்கள் எத்தனையோ கட்டிடங்களுக்கு வர்ணம் பூசியிருப்பார்கள். ஆனால் "இவர் எங்களிடம் இத்தனை வருஷம் வேலை செய்தார்" என்று எழுதிக் கொடுக்க ஒரு கம்பெனி இல்லை.

"அனுபவச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டால் இவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

பத்து வருஷமா, ஒரே வருஷமா?

அனுபவத்தைக் கேட்பது தவறா? முதலாளியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

புதிய ஆளை எடுத்தால் கற்றுக்கொடுக்க வேண்டும். அவன் சில சாமான்களைக் கெடுப்பான். கற்றுக்கொடுக்கிறவரின் நேரம் போகும். கற்ற பிறகு பக்கத்துக் கம்பெனி 1,000 ரூபாய் அதிகம் கொடுத்தால் அங்கே போய்விடுவான். "நான் ஏன் ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும்?" என்று முதலாளி கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

ஆனால் அனுபவசாலி நன்றாக வேலை செய்வான் என்பது எவ்வளவு தூரம் உண்மை?

இதை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாட் வான் இடெகிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 2019-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன் நடந்த 81 ஆராய்ச்சிகளை அவர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முன்பு எத்தனை வருஷம் வேலை பார்த்தார், எத்தனை இடத்தில் பார்த்தார் என்பதற்கும், புதிய இடத்தில் எப்படி வேலை செய்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கணக்கிட்டார்கள்.

சம்பந்தம் மிக மிகக் குறைவு என்று தெரிந்தது! அனுபவம் உள்ளவர் புதிய இடத்தில் நீண்ட நாள் நிலைத்து நிற்பார் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

இது எப்படி? யோசித்தால் விளங்கும்.

பத்து வருஷம் வேலை செய்தேன் என்று ஒருவர் சொல்கிறார். அந்தப் பத்து வருஷமும் புதிது புதிதாகக் கற்றிருக்கலாம். அல்லது முதல் வருஷம் கற்றதையே பத்துத் தடவை திரும்பச் செய்திருக்கலாம். சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான்.

மேலும், பழைய இடத்தில் பழகிய பழக்கங்களும் கூடவே வரும். அங்கே கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்திருந்தால், இங்கேயும் போடமாட்டார். "எனக்குத் தெரியாததா?" என்பார். புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தெரியும் என்று நினைக்கிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம்.

ஆவடி சொல்லும் பாடம்

வெளிநாட்டு ஆராய்ச்சி எதற்கு? திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. இந்தியா தன் ராணுவத்துக்குத் தானே டாங்கி செய்து கொள்ள வேண்டும் என்பது நோக்கம். பிரிட்டனைச் சேர்ந்த விக்கர்ஸ் கம்பெனியின் உதவி கிடைத்தது.

அந்தத் தொழிற்சாலை வாசலில் "டாங்கி செய்த அனுபவம் உள்ளவர்கள் மட்டும் வரவும்" என்று பலகை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் ஆள்கூட வந்திருக்க மாட்டார்! அதுவரை இந்தியாவில் யாருமே டாங்கி செய்ததில்லை.

ஆட்களை எடுத்தார்கள். கற்றுக்கொடுத்தார்கள். 1965-ம் ஆண்டில் முதல் "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது. பிறகு அதே ஆவடியில் அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று வரிசையாக டாங்கிகள் தயாராயின.

டாங்கி செய்கிற அனுபவம் அவர்களுக்கு டாங்கி செய்து செய்தே வந்தது. புதிய தொழில் எங்கே தொடங்கினாலும் இதுதான் கதை. இன்று மின்சாரக் கார் செய்கிறார்கள், பாட்டரி செய்கிறார்கள். இவற்றில் இருபது வருஷ அனுபவம் உள்ளவரை எங்கே தேடுவது? கற்றுக்கொள்ளும் ஆளைத்தான் தேட வேண்டும்.

எது குணம்?

"குணம்" என்றவுடன் பலர் பணிவை நினைக்கிறார்கள். கை கட்டி நின்றால் நல்ல பையன். எதிர்த்துக் கேள்வி கேட்டால் கெட்ட பையன்.

தொழிற்சாலைக்கு வேண்டிய குணம் அதுவல்ல.

ஓர் இரும்பு உருக்கும் ஆலையை எண்ணிப் பாருங்கள். மின்சார உலையில் இரும்பு 1,500 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கிறது. மேலே பழைய இரும்பைப் போடுகிறார்கள். அந்தப் பழைய இரும்பில் ஈரம் இருந்தால் என்ன ஆகும்?

மழையில் நனைந்த ஒரு டப்பா போதும். மூடிய குழாய்க்குள் தங்கிய கொஞ்சம் தண்ணீர் போதும். அது உலைக்குள் விழுந்த கணத்தில் ஆவியாகும். ஆவியானால் தண்ணீர் ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். உலையில் இருக்கும் இரும்புக் குழம்பு சிதறும். பக்கத்தில் நிற்பவர்கள் பிழைப்பது அபூர்வம்.

அங்கே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவருக்குப் பத்து வருஷ அனுபவம். "நான் எத்தனையோ மழைக்காலம் பார்த்தவன். ஒன்றும் ஆகாது. போடு" என்கிறார்.

மற்றவன் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "அண்ணே, இது ஈரமாக இருக்கிறது. கொஞ்சம் நிறுத்துங்கள். சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டுப் போடலாம்" என்கிறான்.

உங்கள் மகன் அந்த உலையின் அருகே நின்றால், பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள்?

நிறுத்துங்கள் என்று சொல்கிற தைரியம் ஒரு குணம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்பது ஒரு குணம்.

இன்னொன்றைப் பாருங்கள். கார் பாகம் செய்யும் தொழிற்சாலை. ஒருவன் துளை போடும்போது அளவு ஒரு மயிரிழை தப்பிவிட்டது. அதை ஓரமாக எடுத்து வைத்து, "இது கெட்டுவிட்டது" என்று சொன்னால் ஒரு பாகம்தான் நஷ்டம். மேஸ்திரி திட்டுவாரே என்று மற்றவற்றோடு கலந்துவிட்டால்? அந்தப் பெட்டியையே கார்க் கம்பெனி திருப்பி அனுப்பும். அல்லது அது காரில் ஏறி, ஒரு நாள் யாரோ ஒரு குடும்பத்தை நடுரோட்டில் நிறுத்தும்.

தவறை மறைக்காமல் சொல்வது ஒரு குணம்.

நேரத்துக்கு வருவது ஒரு குணம். ஒருவர் வராவிட்டால், இரவு ஷிப்டு முடித்தவர் வீட்டுக்குப் போக முடியாது. அவரே அடுத்த ஷிப்டும் நிற்க வேண்டும். கண் சொக்கும். விரல் போவது அந்த நேரத்தில்தான்.

பக்கத்தில் நிற்பவரை மதிப்பது ஒரு குணம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், இந்தி பேசுகிறவர், ஒடியா பேசுகிறவர் ஒன்றாக வேலை செய்கிறார்கள். "தள்ளி நில்" என்பதை மற்றவன் மொழியில் கற்றுக்கொண்டு சொல்கிற ஆள் பல உயிர்களைக் காப்பாற்றுவான்.

இந்தக் குணங்கள் ஒரு நாளில் வருவதில்லை. லேத்தில் கடைசல் வேலையைச் சில மாதங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மறைக்காமல் உண்மை சொல்லும் பழக்கத்தை அத்தனை சுலபமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால்தான் ஆள் எடுக்கும்போது குணத்துக்கு முதலிடம் என்கிறார்கள்.

அனுபவம் கட்டாயம் வேண்டிய இடம்

அதற்காக அனுபவமே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது.

பாய்லர் பார்க்கிறவருக்கு அதற்குரிய சான்று வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உயர் மின்சாரத்தில் கை வைக்கிறவருக்கு லைசென்சு வேண்டும். தலைக்கு மேலே பத்து டன் சுமையோடு கிரேனை நகர்த்துகிறவர் புதியவராக இருந்தால் கீழே நிற்பவர்களின் கதி என்ன? அங்கெல்லாம் பழகிய கைதான் வேண்டும்.

கனடா நாட்டில் டொரான்டோ நகரில் தொழிலாளர் நலம் பற்றி ஆராயும் கழகம் ஒன்று உண்டு. அவர்கள் கண்ட உண்மை இது: வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருவருக்குக் காயம் படும் ஆபத்து, ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தவரைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம்.

இதைக் கவனிக்க வேண்டும். வேறு கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவரும் இந்த இடத்துக்குப் புதியவர்தான். இந்த இயந்திரம் அவருக்குப் புதிது. இந்த வழி புதிது. ஆகவே அனுபவசாலியை எடுத்தாலும் சரி, புதியவனை எடுத்தாலும் சரி, முதல் மாதத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். குணசாலி என்று எடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், அவனுடைய நல்ல குணம் அவன் கையைக் காப்பாற்றாது.

குணம் என்ற பெயரில் நடப்பது

இனி ஆபத்தான பகுதிக்கு வருவோம்.

அனுபவத்தைக் காகிதத்தில் பார்க்கலாம். குணத்தை எங்கே பார்ப்பது? முகத்தில் எழுதியிருக்கிறதா?

இல்லை. ஆனால் பலர் முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஊரைக் கேட்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறார்கள். தெருப் பெயரைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குள் சாதி ஒளிந்துகொண்டிருக்கிறது.

டில்லி வட்டாரத்தில் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் 25 அதிகாரிகளை சுரிந்தர் ஜோத்கா, காத்தரின் நியூமன் என்ற இரு அறிஞர்கள் பேட்டி கண்டார்கள். 2007-ம் ஆண்டில் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. "நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் பார்க்கிறோம்" என்றார்கள் அதிகாரிகள். ஆனால் "குடும்பப் பின்னணி" பற்றிக் கேட்பதை அவர்கள் தவறாக நினைக்கவில்லை. நல்ல குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு நல்ல குணம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அதே 2007-ல் இன்னொரு சோதனையும் வெளிவந்தது. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும், பால் அட்டெவெல் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அதை நடத்தினார்கள். பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள மனுக்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்கு வந்த அழைப்பைவிட, தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது.

ஆளையே பார்க்கவில்லை. குணத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

பெண்களுக்கு வேறு விதமான தடை. திருவள்ளூர் மாவட்டத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் கம்பெனியின் ஐபோன் தொழிற்சாலை இருக்கிறது. கல்யாணம் ஆன பெண்களை அங்கே வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு அதிகம், லீவு போடுவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டதாம். கம்பெனி அதை மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் 100-க்கு 25 பேர் கல்யாணம் ஆன பெண்கள் என்று கூறியது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

அந்தக் கம்பெனியின் விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். "கல்யாணம் ஆனவள் சரியாக வரமாட்டாள்" என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருப்பது உண்மைதானே?

விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ரயிலைப் பிடிக்கிற பெண்ணைவிட நேரத்தின் அருமை தெரிந்தவர் யார்? கல்யாணம் என்பது ஒரு நிலை. அது குணம் அல்ல. ஊர் குணம் அல்ல. சாதி குணம் அல்ல. நிறம் குணம் அல்ல.

ஒருவர் தானாக என்ன செய்கிறாரோ அதுதான் குணம். இந்தக் கோட்டைத் தாண்டினால், அனுபவம் கேட்பதைவிடக் குணம் பார்ப்பது பெரிய அநீதியாகிவிடும். அனுபவம் இல்லாதவன் நாளைக்கு அதைத் தேடிக்கொள்ளலாம். பிறந்த தெருவை மாற்றிக்கொள்ள முடியுமா?

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆளைத் தெரிந்தெடுப்பது எப்படி என்பதற்குத் திருக்குறளில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. தெரிந்து தெளிதல் ஒன்று. தெரிந்து வினையாடல் மற்றொன்று. வேண்டியவன் என்ற அன்பினால் மட்டும் ஒருவனைத் தேர்ந்தெடுப்பது அறியாமை என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். ஒருவன் பெரியவனா சிறியவனா என்பதை அவன் செய்கையை உரைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பது அவர் கருத்து.

இன்றைய ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் சாக்கெட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2022-ம் ஆண்டில் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஆள் எடுக்கும் முறைகளில் எது நன்றாகப் பலன் தருகிறது என்று பார்த்தார்கள். முதலில் நின்றது எது தெரியுமா? வந்தவர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்காணல்!

"அப்பா என்ன வேலை?" என்பது அந்தக் கேள்விகளில் இராது. "நீங்கள் செய்த வேலையில் ஒரு தவறு நேர்ந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம். வேலையே செய்யாத பையனும் இதற்குப் பதில் சொல்ல முடியும். பள்ளியில் நடந்ததைச் சொல்லலாம். அப்பாவின் கடையில் நடந்ததைச் சொல்லலாம். படகில் நடந்ததைச் சொல்லலாம்.

இரண்டாவது வழி, செய்யச் சொல்லிப் பார்ப்பது. கையில் ஒரு துண்டு இரும்பையும் அளவுகோலையும் கொடுங்கள். "இப்படி வெட்டு" என்று காட்டுங்கள். முதல் தடவை தப்பாக வெட்டினால் பரவாயில்லை. திருத்திச் சொன்ன பிறகு இரண்டாவது தடவை எப்படி வெட்டுகிறான் என்று பாருங்கள். கற்கும் குணம் அரை மணியில் தெரிந்துவிடும். முகாமில் வளர்ந்த பெயிண்டரும் அங்கே தன் கையைக் காட்டலாம். அவருக்கு எந்தக் கம்பெனியின் கடிதமும் தேவையில்லை.

மூன்றாவது வழி சட்டத்திலேயே இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961-ம் ஆண்டு வந்தது. 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், 100-க்கு இரண்டரை பேர் முதல் 15 பேர் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. பழகுநருக்கு உதவித்தொகை உண்டு. பையனுக்கு அனுபவம் கிடைக்கிறது. முதலாளிக்கு அவன் குணம் தெரிகிறது. இருவருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் பழகுநர் என்று பெயர் வைத்து, எதையும் கற்றுக்கொடுக்காமல், மலிவுக் கூலியாளாக நடத்தினால்? அப்போது கெட்ட குணம் யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குணத்துக்கும் இடம் வேண்டும்

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. குணம் ஆளிடம் மட்டும்தான் இருக்கிறதா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பிரிமான்ட் என்ற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை இருந்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு மிகக் கெட்ட பெயர். வேலைக்கு வரமாட்டார்கள். வந்தாலும் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள். குடிப்பார்கள். 1982-ம் ஆண்டில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1984-ல், ஜப்பானின் டொயோட்டா கம்பெனியும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாகச் சேர்ந்து அதே தொழிற்சாலையைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டா கையில். ஆட்கள் யார்? பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தான்!

சீக்கிரத்திலேயே அங்கே நல்ல கார்கள் வெளிவந்தன. வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அனுபவம் அதே அனுபவம். ஆட்களும் அதே ஆட்கள். மாறியது என்ன?

ஒரு கயிறு. வேலை நடக்கும் இடத்தில் தலைக்கு மேலே கயிறு கட்டியிருந்தார்கள். தவறு எதையாவது பார்த்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். அப்போதே சரிசெய்ய முடியாவிட்டால் வேலை நின்றுவிடும். பழைய நாளில் வேலையை நிறுத்தினால் சீட்டுக் கிழியும். புதிய நிர்வாகத்தில் கயிற்றை இழுத்தவரிடம் ஓடிவந்து, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டார்கள்.

உண்மை சொல்கிறவனைத் திட்டுகிற இடத்தில் உண்மை சொல்லும் குணம் நிற்காது. ஈர இரும்பைப் பார்த்து "நிறுத்துங்கள்" என்று சொன்ன பையனை மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேலி செய்தால், அடுத்த தடவை அவன் வாய் திறப்பானா?

நிலையான வேலையும் இதில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 24 மாத காலத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது கூறியது. அந்தக் கணக்கு நிறைவதற்கு முன்பே ஆளை மாற்றிவிடும் இடங்களைப் பற்றித் தொழிற்சங்கங்கள் நெடுநாளாகக் குறை சொல்லி வருகின்றன.

காண்டிராக்டர் மூலம் தலை எண்ணி ஆள் எடுத்து, சில மாதத்தில் அனுப்பிவிடுகிற முதலாளிக்குக் குணமும் தங்காது, அனுபவமும் தங்காது. கற்றுக்கொடுத்த செலவு மட்டும் அவர் கணக்கில் நிற்கும். பிறகு "நல்ல ஆள் கிடைப்பதில்லை" என்று அவரே சலித்துக்கொள்வார்.

வீட்டில் செய்ய வேண்டியது

வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சில காரியங்களைச் செய்யலாம்.

"அனுபவம் இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டாம். செய்த வேலைகளைச் சொல்லப் பழக வேண்டும். லீவு நாளில் மெக்கானிக் கடையில் உதவி செய்ததும் வேலைதான். பால் வியாபாரத்துக்குக் கணக்கு எழுதியதும் வேலைதான். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே படித்துத் தேறியதும் பொறுப்புக்கு ஒரு சாட்சிதான்.

இல்லாத அனுபவத்தை இருப்பதாக எழுதிக் காகிதம் வாங்க வேண்டாம். பொய்யான சான்றிதழ் வேலையை வாங்கித் தரலாம். இயந்திரத்தின் முன் நிற்கும்போது அது காப்பாற்றாது.

பழகுநர் வேலைக்கு மனுப் போடத் தயங்க வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலை முகாம்களுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெண் பிள்ளைகளை "கல்யாணம் வரைக்கும்தான் வேலை" என்று பேசி அனுப்ப வேண்டாம். வீட்டிலேயே அப்படிப் பேசினால், கம்பெனிக்காரரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

முதலாளிகள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் அல்ல. அனுபவம் கட்டாயம் வேண்டிய வேலைக்கு மட்டும் அதைக் கேட்கட்டும். மற்ற வேலைகளுக்கு, வந்தவர் எல்லோருக்கும் ஒரே கேள்விகளையும் ஒரே சிறு வேலையையும் கொடுத்துப் பார்க்கட்டும். எடுத்த பிறகு முதல் மாதம் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக் கற்றுக்கொடுக்கட்டும்.

இதற்குச் செலவு ஆகும்தான். ஆனால் உலைக்குப் பக்கத்தில் "நிறுத்துங்கள்" என்று சொல்லத் தெரிந்த ஒரு பையன் கிடைத்தால், அந்தச் செலவு ஒரே நாளில் வசூலாகிவிடும்.